பதினான்கு நாளுக்குள் போயிருக்க வேண்டிய இடம்

பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. ஹால் டிக்கெட் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் நான் படித்த கல்லூரியின் அலுவலகத்துக்கு வெளியே பாஸ்போர்ட்டும் கையுமாக நின்றேன். அழுகைகூட வரவில்லை. கால்தான் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

கொட்டாஞ்சேனையில் என்னோடு செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வருகிற அன்பானவர்களே, ஆண்டவர் அன்று எனக்குச் செய்ததைச் சொல்லும்படி எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். மைக்கைக் கண்டாலே நான் பின்வாங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். இதில் ஆண்டவரின் இரக்கத்துக்கு முன்னால் என் பிழைதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது சண்டைக்காலம். உயர்தரப் பரீட்சையில் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டேன். இங்கே பல்கலைக்கழகம் இல்லையென்று ஆனதும் அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். எட்டு மாதம் அலைந்தோம். விசாவுக்குக் கொழும்பின் காலி வீதியில், இந்தியத் தூதரகத்துக்கு முன்னால் வெயிலில் வரிசை. சிங்களத்தில் இருந்த பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்க வெள்ளவத்தைக்கு நான்கு நடை. இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று, அம்மா அடுப்பில் இருந்த கறியை அப்படியே விட்டுவிட்டு அந்தோனியார் கோவிலுக்கு மெழுகுதிரி கொளுத்த ஓடினார். கறி கரிந்துபோனது, ஒருவரும் ஏசவில்லை.

திருச்சியில் இறங்கினால் எங்கு பார்த்தாலும் தமிழ். பஸ்ஸின் பெயர்ப் பலகையிலும் தமிழ், மருந்துக் கடைக்காரரின் வாயிலும் தமிழ். வழி கேட்கப் போய், அண்ணா என்பதற்குப் பதில் "அய்யே" என்று வாயில் வந்த சிங்களத்தை விழுங்கிக்கொண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விசாவுக்குக் கீழே தெளிவாக எழுதியிருந்தது: வந்து பதினான்கு நாளுக்குள் காவல்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். நான் அதை வாசித்தேன். கண்ணில் படவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இது வெள்ளைக்காரருக்கு எழுதியது, எனக்கில்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அந்த நாட்களில் நாங்கள் இங்கே இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து இரண்டு நாள் தங்கினாலும் பதிய வேண்டும். அப்பா வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்தப் படிவத்தோடு போவார். சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தமிழர் என்பதால்தானே இதெல்லாம்? அப்படியென்றால் தமிழ் ஊரில் எதற்குப் பதிவு? இதுதான் என் கணக்கு. அதற்குள் ஒரு வீம்பும் இருந்தது. பதிந்தது போதும், இனி எந்தப் பொலிசுக்கும் நான் பெயர் கொடுக்கப் போவதில்லை என்று மனதுக்குள் சபதமே போட்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஹாஸ்டலில் கென்யா நாட்டு மாணவி ஒருத்தி தன் பதிவுப் பத்திரத்தைக் காட்டி, உன்னுடையது எங்கே என்று சாதாரணமாகக் கேட்டாள். அப்போதுதான் என் தமிழ் என்னைக் காப்பாற்றாது என்று விளங்கியது. அந்தக் காலத்தில் அங்கே இலங்கைத் தமிழர் என்றாலே இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார்கள். பதியாமல் இருந்தவள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி விசாவும் கிடைக்காது. படிப்பு அத்தோடு சரி.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு, திங்கட்கிழமைக்கு, வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ளப் பயம் வளர்ந்தது. தமிழ்நாட்டில் பஸ் கண்டக்டருக்கும் காக்கி, ஆட்டோக்காரருக்கும் காக்கி, தபால்காரருக்கும் காக்கி. ஒரு நாள் கண்டக்டரின் முதுகைப் பார்த்துவிட்டு, ஏறிய பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி மூன்று மைல் நடந்தேன். வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். ஹாஸ்டல் சாம்பாரை வாயில் வைத்தால் உள்ளே போகாது. அம்மா தொலைபேசியில் சாப்பிடுகிறாயா பிள்ளை என்று கேட்கும்போதெல்லாம் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைப்பேன்.

செபித்தேன். செபிக்காமல் இல்லை. செவ்வாய் தவறாமல் நவநாள் சொன்னேன். என் பெயர் யாருடைய கண்ணிலும் படக்கூடாது, ஆண்டவரே. இதுதான் என் செபம். இரண்டு மாதம் இதையே கேட்டேன். மனம் மட்டும் ஒரு நிமிடம்கூட அடங்கவில்லை.

அப்புறம்தான் அந்த ஹால் டிக்கெட் விஷயம். வெளிநாட்டு மாணவர்கள் பதிவுப் பத்திரத்தின் பிரதியைத் தரவேண்டும் என்றார் கிளார்க். அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு செபமாலையை எடுத்தேன். அதே செபம். என் அறைத்தோழி கோமதி, தஞ்சாவூர்ப் பிள்ளை, கோவில் கோவிலாகச் சுற்றுகிறவள். உங்க சாமியிடம் அப்படி என்ன கேட்கிறாய் என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "போலீஸ் கண்ணுல படக்கூடாதுன்னு எங்க ஊர்ல திருடனுங்கதான்டி வேண்டிப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோடு கதைக்காமல் மொட்டைமாடியில் போய் நின்றேன். அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று தெரிந்தது. இரண்டு மாதமாக நான் ஆண்டவரைத் துணைக்குக் கூப்பிடவில்லை. ஒளிப்பதற்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே செபத்தை மாற்றினேன். ஆண்டவரே, நான் அங்கே போகவேண்டும், என் கால் போகாது, நீர் கூட வாரும் என்றேன்.

மறுநாள் காலை போனேன். கோமதியும் வந்து வாசலில் நின்றாள். உள்ளே ஒரு இன்ஸ்பெக்டர் என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெரியாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் தெரியும் என்று சொன்னேன்.

"எல்லாரும் தெரியாதுன்னுதான் சொல்வாங்க. தெரிஞ்சும் ஏன்மா வரல?"

"எங்கட ஊரில தமிழ் ஆக்கள் எண்டபடியால்தான் பொலிசில பதியிறனாங்கள் சேர். இஞ்ச எல்லாரும் தமிழ். இனிப் பதியத் தேவையில்லை எண்டு நினைச்சிட்டன். பிறகு தெரிஞ்சுது. வரப் பயமா இருந்துது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உட்காரும்மா," என்றார்.

நான் விளங்காமல் நின்றேன். பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டி இன்னொரு முறை சொன்னார். அப்பாவோடு எத்தனை தரம் பொலிசுக்குப் போயிருப்பேன். மணிக்கணக்காக நிற்போம். ஒரு நாளும் ஒருவரும் அப்பாவை இருக்கச் சொன்னதில்லை. அந்தக் கதிரையில் இருந்ததும் விம்மி விம்மி அழுதேன். இரண்டு மாதம் வராத அழுகை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவர் நன்றாகக் கண்டித்தார். மன்னிப்புக் கடிதம் என் கைப்பட எழுத வேண்டும், கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும், தாமதத்துக்குத் தண்டம் கட்ட வேண்டும், மேலதிகாரி சம்மதித்தால்தான் பதிவு என்றார். எட்டு நாள் அலைந்தேன். அப்போதும் பயம்தான். ஆனால் எந்தப் பஸ்ஸிலிருந்தும் குதிக்கவில்லை. ஒன்பதாம் நாள் பத்திரம் கைக்கு வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் ஹால் டிக்கெட்டும் வந்தது. அங்கேயே மூன்று வருடம் இருந்து பட்டத்தோடு திரும்பினேன். ஆண்டவருக்கு நன்றி. கோமதிக்கும் நன்றி, அவளையும் அவர்தான் பேச வைத்தார் என்று நம்புகிறேன்.

பத்திரம் கிடைத்த அன்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தண்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஏன் ஒளித்தாய் என்றும் கேட்கவில்லை.

"உன்னை இருக்கச் சொன்னவங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. கதிரை தந்தவங்க."

"நல்லது," என்றார். உடனே தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கும் நான் பயந்தவள்தான், பதற்றக்காரிதான், என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆனால் ஒளிப்பதற்குச் செபிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். உங்களிலும் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, அது வெளியே வரக்கூடாதென்று ஒவ்வொரு செவ்வாயும் முழந்தாளிட்டுக் கொண்டிருக்கலாம். அந்தச் செபத்தை மாற்றிப் பாருங்கள். போகவேண்டிய இடத்துக்குக் கூட வரும்படி அவரைக் கேளுங்கள். பயம் போய்விடும் என்று சொல்லமாட்டேன், எனக்குப் போகவில்லை. ஆனால் தனியாகப் போகமாட்டீர்கள்.