குழுவில் இன்னொருவர்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என்னுடைய தையல் கடை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து இங்கே திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. பள்ளிச் சீருடைக் காலத்தில் வேலை குவியும். தனியே சமாளிக்க முடியாமல், வீட்டில் மெஷின் வைத்திருந்த பெண்களுக்கு வெட்டிய துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கத் தொடங்கினேன். கீரி, அரிப்பு, வெள்ளாங்குளம் என்று பல ஊர்களில் இருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்காகப் போனில் ஒரு குழு திறந்தேன்.

முதலில் அளவும் பட்டனும்தான் பேசினோம். பிறகு ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அவளின் துணியையும் சேர்த்துத் தைத்தாள். கடலுக்குப் போன கணவர் வரப் பிந்தினால் இரண்டு பேர் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நான் தினமும் காலையில் குரல் செய்தி ஒன்று அனுப்புவேன். கடை வளர்ந்ததை விட அந்தக் குழு வளர்ந்ததில்தான் எனக்குப் பெருமை.

வெள்ளாங்குளத்துப் பெண் காலர் வைத்தால் இஸ்திரி போட்டது போல நிற்கும். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய அவளின் பெற்றோர் இருவரும் இப்போது இல்லை. ஒருநாள் முதல் பஸ்ஸில் வந்து கடை வாசலில் நின்றாள். இடது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. பையும் இல்லை, போனும் இல்லை.

"அக்கா, நான் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கணவன் மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. மாறி மாறி எங்கள் வீடுகளில் வைத்திருப்போம் என்று குழுவில் முடிவெடுத்தோம். அவளுக்குப் பழைய போன் ஒன்று கிடைத்தது. புது இலக்கத்தை நானே குழுவில் சேர்த்தேன்.

அவள் கீரியில் இருந்த நாலாம் நாள், அந்த வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் அவளின் கணவன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். உள்ளே வரவில்லை, கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அன்றே அவளை அரிப்புக்கு மாற்றினோம். அடுத்த நாள் காலை அங்கேயும் நின்றான்.

"ஆரோ எங்களுக்குள்ள இருந்துதான் சொல்லுறாங்கள்," என்றாள் அவளை முதலில் வைத்திருந்த கீரிப் பெண்.

அதன் பிறகு யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. துணி வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். அரிப்புப் பெண்ணின் தம்பிக்கு அவனைத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் அவள் துணியைத் தைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

வெள்ளாங்குளத்துப் பெண்ணை என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். பகலில் அவளும் என்னோடு கடையில் இருந்தாள். ஒரு மத்தியானம், நான் அனுப்பிய செய்தியை யார் யார் கேட்டார்கள் என்று போனில் பார்த்தேன். அவளின் பெயர் இரண்டு தரம் இருந்தது. ஒன்று புது இலக்கம். மற்றது பழையது.

"தங்கச்சி, உங்கட பழைய போனை எங்க விட்டனீங்கள்?"

"அடுப்படியில சார்ஜில கெடந்துச்சு அக்கா," என்றாள். சொல்லிவிட்டு அப்படியே துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

பழைய செய்திகளைப் பின்னோக்கித் தேடினேன். எல்லாவற்றையும் அந்த இலக்கம் கேட்டிருந்தது. எந்த வீடு, எந்த ஒழுங்கை, யாருடைய கணவர் எப்போது கடலுக்குப் போவார், யாருடைய பிள்ளை எந்த டியூஷனுக்குப் போகிறது, எல்லாம். புது இலக்கத்தைச் சேர்த்த கை பழையதை எடுக்க மறந்திருந்தது. என் கை.

உடனே அந்த இலக்கத்தைக் குழுவில் இருந்து எடுத்தேன். அன்று பின்னேரமே அவன் முதல்முறையாகக் கடைக்கு வந்தான். அவளை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். கீரிப் பெண் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"உங்கட குரல் நல்ல குரல் அக்கா. ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். இண்டைக்கு நிப்பாட்டிப்போட்டியள்."

பிறகு கீரிப் பெண்ணைப் பார்த்து, "டியூஷன் விட்டிட்டுது போல. பிள்ளையளைக் கூப்பிடப் போகேல்லையோ?" என்று கேட்டான். எழுந்து கதிரையை முன்பு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

கீரிப் பெண் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் வெள்ளாங்குளத்துப் பெண் முறைப்பாடு கொடுக்கச் சம்மதித்தாள். ஏழு பேர் கூடப் போனோம். அவளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று அவனுக்கு நீதிமன்ற உத்தரவு வந்தது. அவள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கேட்டபோது, "வேணாம் அக்கா, உங்களுக்கும் தெரிய வேணாம்," என்றாள். நல்லாயிருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

குழுவை மூடினேன். இப்போது சனிக்கிழமைகளில் கடையில் நேரே கூடுகிறோம். பாதிப் பேர்தான் வருகிறார்கள்.

அரிப்புக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தாள்.

"என்னைச் சந்தேகப்பட்டது போகட்டும்," என்றாள். "ஆனா என்ர வீடு அவனுக்குத் தெரியும். இவர் கடலுக்குப் போற நாளும் தெரியும். கிட்டப் போகக்கூடாது எண்டது அவளுக்குத்தானே, எனக்கில்லையே."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்து படலையைத் தாண்டுவதற்கு முன்பே பின்னால் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. நல்ல வெயில் நேரம்.