படத்தில் இல்லாத வள்ளம்

என் மகளின் கட்டுரைக் கொப்பியை ஆசிரியர் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிடுகிறேன். படம் பார்த்து எழுதும் பயிற்சி என்றால் இரண்டு முறை. போன கிழமை அவள் கொப்பியைப் பறித்துக்கொண்டு, "இது என்ரை கதை, அம்மா" என்றாள். அவளுடைய வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அது சண்டைக் காலம். தலைமன்னார்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புக்கு உயிலங்குளத்திலிருந்து ஓர் இளம் ரீச்சர் வந்திருந்தார். பழைய கலண்டர் படங்களை மட்டையில் ஒட்டிக் கரும்பலகையில் கொழுவுவார். படத்தில் இருப்பதை எழுதினால் புள்ளி இல்லை, இல்லாததை எழுதவேண்டும் என்பார். அன்றைய படத்தில் விடியற்காலைக் கடற்கரை. மணலில் வரிசையாக வள்ளங்கள்.

ஒரு வள்ளம் குறைகிறது என்று எழுதினேன். அது என் அப்பாவுடையது. மற்றவர்கள் கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கக் காத்து நிற்கிறார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பாஸ் இல்லாமலே பனங்கூடலுக்குப் பின்பக்கத்தால் இறங்கி, போகக்கூடாத இடத்தில் வலை போடுகிறார்கள். சத்தம் கேட்காமலிருக்க எஞ்சினைப் போடாமல் தண்டு வலிக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்தேன்.

ரீச்சர் வாசித்தார். நான் எழுதிய கொப்பி ஒற்றையைக் கிழித்தார். நிறைய மீன் பிடித்தார்கள், எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதச் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடக் கண்காட்சி. எங்கள் கதைகள் சுவரில் ஒட்டப்படும், நேவி அதிகாரி ஒருவரும் பார்க்க வருவார். நான் முதலில் எழுதியதையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதையும் கிழித்தார். மூன்றாம் முறையும் எழுதினேன். வாங்கில் ஏற்றி நிற்கவிட்டார். மன்னிப்புக் கேளடி என்று தோழிகள் கிசுகிசுத்தார்கள். நான் நின்றேன்.

ஆளனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார்கள். மீன் வெட்டிய கையோடு வந்த அம்மா மூன்றாவது ஒற்றையை வாசித்தார். பிறகு வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, "இது பொய், ரீச்சர். இவளின்ரை அப்பா பாஸ் இல்லாமல் ஒருநாளும் கடலுக்குப் போறேல்லை" என்றார்.

"அம்மாதான் பொய் சொல்லுறா," என்றேன்.

அம்மா என்னை அறைந்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். நான் அழவில்லை.

மறுநாள் சுவரில், என் பெயருக்குக் கீழே, ரீச்சரின் முத்து முத்தான கையெழுத்தில் எல்லோரும் மகிழ்ந்திருந்தார்கள். அதிகாரி அதன் முன்னால்தான் நின்றார். யார் எழுதியது என்று கேட்டிருக்க வேண்டும். ரீச்சர் என்னைக் காட்டினார். அதிகாரி என் தலையைத் தடவினார்.

"இது நான் எழுதினதில்லை," என்றேன். "என்ரை கதையை ரீச்சர் கிழிச்சுப் போட்டா."

அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ரீச்சரின் கை என் தோளில் இருந்தது. காய்ச்சல்காரரின் கைபோல அது நடுங்கிக்கொண்டிருந்தது. பொய் பிடிபட்ட வெட்கத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். நான் வென்றுவிட்டேன் என்றும் நினைத்தேன்.