விளம்பரம் என்று நிறுத்தப்பட்ட கடிதம்

என் கடிதத்தைக் குப்பையில் போட்டது நீங்கள்தான். அந்த மின்னஞ்சல் குழுவை நடத்துபவர் நீங்கள். பழியை இயந்திரத்தின் மேல் போட வேண்டாம்.

பட்டாசு ஆலை போர்மேன்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசத்தான் அந்தக் குழு. சீசன் வந்தால் பேச்சு நின்றுவிடும், கிஃப்ட் பாக்ஸ் விலைப்பட்டியல்தான் வந்து விழும். அதைத் தடுக்கச் சொல்லி அதிகமாகக் கத்தியது நான். போன வருடம் நீங்கள் ஸ்பேம் வடிகட்டி வைத்தபோது பாராட்டி எழுதியதும் நான். மறைக்கவில்லை.

இந்த ஆனியில், விஸ்வநத்தத்தில் எங்கள் ஆலைக்கு வந்த அலுமினியப் பொடி கலக்கும்போது சூடேறியது. ஈரம் பட்ட சரக்கு. வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பினேன். அந்த லோடு வேறு எங்கெல்லாம் போனது என்று விற்றவர் சொல்லவில்லை. அதனால்தான் குழுவுக்கு எழுதினேன். சாக்கில் அச்சிட்டிருந்த சரக்கு எண்ணைப் போட்டு, "உங்களிடம் இருந்தால் தொடாதீர்கள்" என்றேன்.

அனுப்பியது அலுவலகக் கம்ப்யூட்டரில். அங்கிருந்து போகும் எல்லாக் கடிதத்தின் அடியிலும் சாமி படமும் எங்கள் விலைப்பட்டியலும் தானாக ஒட்டிக்கொள்ளும். முதலாளியின் ஏற்பாடு. இரங்கல் கடிதத்தின் அடியிலும் கம்பி மத்தாப்பு விலை இருக்கும். இந்த ஊரில் யாருக்கும் அது உறுத்தாது. எனக்கும் உறுத்தவில்லை. உங்கள் வடிகட்டி விளம்பரம் என்று நிறுத்திவிட்டது. நிறுத்தியதாக எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. அதே வாரம், வெளிநாட்டு லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாக ஒரு கடிதம் குழுவில் எல்லோருக்கும் வந்தது.

நான் எழுதிய எட்டாம் நாள், தாயில்பட்டி ஆலை ஒன்றில் அதே பொடி தீப்பிடித்தது. குழுவில் என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் போர்மேன் அங்கேதான் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு.

"அண்ணாச்சி, விலைப்பட்டியலுக்கு அம்புட்டுச் சண்டை போட்டீக. இதுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதினேன்லே."

"எங்கன எழுதுனீக? தெனமும் பாக்கேன். ஒண்ணும் வரலியே."

போனில் எடுத்துக் காட்டினேன். அடிவரை தள்ளச் சொன்னார். மத்தாப்பு விலை வந்தது.

"எங்க கம்பெனிய விடக் கம்மியாத்தான் போட்டிருக்கீக" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. இட்லியைப் பிய்த்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

உங்களுக்குப் போன் செய்தேன். விளம்பரம் என்று வடிகட்டி நிறுத்தி வைத்திருப்பதாகப் பார்த்துச் சொன்னீர்கள். "அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க முடியுமா சார்? அது தானா நடக்குது" என்றீர்கள். பிறகு வீட்டிலிருந்து, படமும் பட்டியலும் இல்லாமல், என் கடிதம் ஏன் நின்றது என்று குழுவுக்கே எழுதிக் கேட்டேன். அதுவும் இன்றுவரை குழுவில் வரவில்லை.

அந்த விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எத்தனை கடிதம் எழுதினாலும் மடங்கப் போவதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். வடிகட்டி வைக்கச் சொன்னது நான். நிறுத்தியதைத் திறந்து பார்க்க வேண்டியது நீங்கள். அந்த எட்டு நாளில் ஒரு நாளாவது பார்த்தீர்களா? எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். குழுவில், எல்லோரும் படிக்கும்படி, அவரும் படிக்கும்படி எழுதுங்கள்.