டொரத்தி ஆண்ட்டியின் சிப்பி மேடு

மலேசியாவின் மாசாயில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் இருப்பவர் டொரத்தி ஆண்ட்டி. நகரத்தை ஒட்டிய காட்டுப் பூங்காவில் கூட்டும் வேலை செய்கிறார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நானும் அங்கே டிக்கெட் கவுண்டரில் சேர்ந்தேன்.

அந்தக் காடு முன்பு ரப்பர் தோட்டம். ஆண்ட்டி பிறந்தது அங்கேதான். அவருடைய சின்ன வயதில் அப்பா இறந்தபோது தோட்டத்திலேயே புதைத்து, மரச்சிலுவை நட்டு, சுற்றிலும் சிப்பி பதித்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது, ஆட்கள் கலைந்தார்கள், காடு மூடிக்கொண்டது.

பூங்காவில் வேலைக்கு வந்த புதிதில், ஆற்றோர மேடு ஒன்றில் வெள்ளைச் சிப்பிகள் கிடப்பதை ஆண்ட்டி பார்த்திருக்கிறார். சிலுவையைக் கரையான் தின்றிருக்கும், சிப்பி மிஞ்சிவிட்டது என்று அங்கேயே முழங்காலிட்டு அழுதாராம். அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அங்கே மெழுகுவர்த்தி, சாமந்தி. அந்த மேட்டில் ஓர் உடும்பு வளை தோண்டியிருந்தது.

"எங்கப்பா தலைமேல ஏறாத, சனியனே!" என்று துடைப்பத்தோடு விரட்டுவார்.

போன மாதம் பிரேமலா என்ற தொல்லியல் ஆய்வாளர் மேட்டைத் தோண்ட வந்தார். ஆண்ட்டி குறுக்கே நின்றார்.

"உள்ள எங்கப்பா இருக்காரு, மிஸ்."

"எலும்பு தெரிஞ்சா உடனே நிறுத்திடுறேன், ஆண்ட்டி. நீங்களே பக்கத்துல நில்லுங்க லா."

ஆண்ட்டி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மண்ணை எடுத்தால் சிப்பி. அதற்குக் கீழேயும் சிப்பி. குழி என் உயரத்துக்கு இறங்கியும் சிப்பிதான். பெட்டி இல்லை. ஓர் ஆணிகூட இல்லை.

"இது கல்லறை இல்ல, ஆண்ட்டி," என்றார் பிரேமலா மெதுவாக. "ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க சாப்பிட்டுப் போட்ட ஓடு. உடும்பு தோண்டி மேல தள்ளியிருக்கு."

ஆயிரக்கணக்கான வருஷம்! குனிந்து ஒரு சிப்பியை எடுத்துப் பார்த்தேன். ஆண்ட்டியின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

"அலமாக்... யாரோ தின்னு போட்ட எச்சிலுக்கா நான் மெழுகுவர்த்தி ஏத்தினேன்?"

ஆண்ட்டி குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பா எங்க?"

ஆற்றில் நீர்நாய்கள் கீச்சிட்டன.

மறுநாள் காலை ஆண்ட்டி பூங்கா வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். மேற்பார்வையாளர் மூர்த்தி கத்தினார்.

"என்னா ஆண்ட்டி, பாம்பு கெடக்கிற எடம்! பூட்ஸப் போடுங்க!"

"எங்கப்பாவ எந்த எடத்துல மிதிக்கிறேன்னு தெரியலையே, மூர்த்தி."

ஆண்ட்டி வெறுங்காலோடு பாதையைக் கூட்டத் தொடங்கினார். உடும்பு குறுக்கே நடந்தது. துடைப்பத்தைத் தூக்காமல், அது போகும்வரை நின்றார்.