விமான கேக்கின் நாலாவது பொம்மை

நெனித்தா அக்கா பேசினால் பாதிப் பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும். கிரீம் பிழியும் பையின் வாலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசிப் பழகியவள். பை கையில் இல்லாத நாளிலும் அந்தக் குரல் மாறாது. "ம்மேசைல கை வெக்காத, ம்மாவு ஒட்டும்" என்று நான் செய்து காட்டினால் தெருவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். "இன்னும் கொஞ்சம் மூக்க அமுக்குடா. அது நான் இல்ல, எனக்கு சளி பிடிச்சா வர்ற குரல்" என்று திருத்தம் வேறு சொல்வாள்.

மபினி என்கிற எங்கள் ஊரில், கடற்கரைப் பக்கம் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். கேக்குக்கு அவள், மைக்குக்கு நான். நான் பேசியதை மறுநாளே மறந்துவிடுவார்கள். அவள் கேக்கை மறக்க மாட்டார்கள். மீன்பிடிக்கிற தாத்தாவுக்குப் படகு கேக், வலை முழுக்க சர்க்கரை நூல். பள்ளிக்கூடம் போக மறுத்த பையனுக்கு எங்கள் ஊர் ஜீப்னி பஸ் மாதிரி ஒரு கேக், உள்ளே அவனும் டீச்சரும். சேவல் சண்டைக்காரர் ஒருவருக்கு அவள் செய்த சேவலை அவருடைய நிஜச் சேவலே பாய்ந்து கொத்தியது. "என் வாழ்க்கையில எனக்கு வந்த ஒரே சர்டிபிகேட்டு அந்தக் கொத்துதான்" என்பாள்.

இத்தனையும் அவள் செய்தது கொல்லைப்புறத் தகரக் கூரைக்குக் கீழே. முன்னால் நிற்கிற பெரிய வீடு தங்கை மரிவிக்குடையது. இத்தாலியில் வீடு துடைத்துத் துடைத்து மரிவிக் கட்டிய வீடு. வாசல் தூண்களில் இரண்டு சிமெண்ட் சிங்கம், மாடியில் யாரும் படுக்காத கட்டில்கள், உள்ளே யாரும் பற்றவைக்காத அடுப்போடு ஒரு நல்ல சமையலறை. அந்த அடுப்பின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. நெனித்தா அக்கா அதைத் துடைப்பாள், மூடுவாள், பின்னால் போய்த் தன் பழைய கேஸ் அடுப்பில் வேக வைப்பாள். அவளுடைய மேசையின் நாலு கால்களும் எறும்புக்காகத் தண்ணீர் டப்பாவில் நிற்கும்.

மரிவிக்கின் மகள் ஜியான்னா தவழ ஆரம்பித்தபோதே அக்கா கைக்கு வந்துவிட்டாள். அக்காவை 'நானாய்' என்பாள். எங்கள் பேச்சில் அம்மா. போனில் வருகிற அம்மா 'மம்மி'. இரண்டும் குழந்தைக்குக் குழம்பியதே இல்லை. நானாய் என்றால் சோறு, குளியல், அடி. மம்மி என்றால் சாக்லேட், படம், "முத்தா குடு".

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஜியான்னாவின் கேக்கில் இரண்டு சர்க்கரைப் பொம்மைகள் இருக்கும். ஒன்று ஜியான்னா, ஒன்று நானாய். கேக்கைச் சாப்பிடுவார்கள், பொம்மைகளைச் சாப்பிட மாட்டார்கள். அவை கூடத்துக் கண்ணாடி அலமாரியில் குழந்தை இயேசு சிலைக்குப் பக்கத்தில் வரிசையாகப் போய் நிற்கும். பொம்மை நானாய்க்கு எப்போதும் நீல ரப்பர் செருப்பு. நிஜ நானாய் ஞாயிறு பூசைக்குக்கூட அதைத்தான் போட்டுப் போவாள். கேக் வந்ததும் ஜியான்னா முதலில் குனிந்து கால்களைப் பார்ப்பாள். "செருப்பு இல்லேன்னா அது நானாய் இல்ல" என்பது அவள் சட்டம்.

ஏழாவது பிறந்தநாள் எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அந்த மே மாதம் மரிவிக் நேரிலேயே வந்து இறங்கினாள். வாசல் அகலத்துக்கு ஒரு வைக்கோல் தொப்பி. இத்தாலிக்காரர்கள் 'சரி, அப்புறம்' என்பதற்குச் சொல்கிற 'அல்லோரா'வில்தான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பாள். "அல்லோரா, உப்பு எங்க?" "அல்லோரா, கொசு கடிக்குது." வந்த மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். நான் ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்று பார்க்கப் போயிருந்தேன்.

"அல்லோரா, அக்கா. பேப்பரெல்லாம் சரியாயிடுச்சு. குழந்தைய கூட்டிட்டுப் போறேன்."

நெனித்தா அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எப்போ?"

"பிறந்தநாள் முடிஞ்ச வாரம். ஆனா அழறவள இழுத்துட்டுப் போக மாட்டேன். அங்க இருக்கற அவ அப்பாவும் அதத்தான் சொல்றார். வர மாட்டேன்னா இன்னும் ஒரு வருஷம் உன்கிட்டயே இருக்கட்டும். விழாவுல எல்லார் முன்னாடியும் அவளையே கேக்கறேன்."

ஜியான்னா மேசைக்கு அடியில் இருந்தாள். விமானப் பேச்சு எடுத்தாலே அவள் இடம் அதுதான். அங்கிருந்தே குரல் வந்தது. "மேல போறப்ப கதவு தெறந்துகிட்டா?"

"தெறக்காதுடா கண்ணு."

"நானாய் எங்க உக்காருவாங்க?"

"நானாய் வீட்டப் பாத்துக்கணும்ல."

"ஏன், வீடு ஓடிப் போயிடுமா?"

நான் சிரித்துவிட்டேன். மரிவிக் சிரிக்கவில்லை. நெனித்தா அக்கா அதே டம்ளரை இன்னொரு முறை கழுவினாள்.

பயம் போகட்டும் என்று மரிவிக்தான் யோசனை சொன்னாள். "ஒரு ப்ளேன் கேக் செய்யேன், அக்கா. மேல நாங்க மூணு பேரும் உக்காந்திருக்கற மாதிரி. அவளும் அவ அப்பாவும் நானும். பாத்தாலே ஏறணும்னு தோணணும். என் தல மேல இந்தத் தொப்பியும் இருக்கட்டும்."

"சரி" என்றாள் அக்கா.

மரிவிக் மாடிக்குப் போனதும் நான் அக்காவின் காதில் ஓதினேன். "லட்டு மாதிரி சான்ஸ், அக்கா. மூக்கு கோணலா, ரெக்கை தொங்கிப் போயி, பாத்தாலே வாந்தி வர்ற மாதிரி ஒரு ப்ளேன் செஞ்சு குடுங்க. குழந்தை மேசைக்கு அடியவிட்டு வெளிய வராது."

"நெனச்சேன்டா. கோணலா செய்யக் கை வரல."

கை வரவேயில்லை. வெண்ணெய் கேக்கைக் கெட்டியாக வேகவைத்து, அடுக்கி, ரொட்டிக் கத்தியால் வயிறும் வாலும் செதுக்கினாள். மார்ஷ்மெல்லோவை உருக்கி மாச்சர்க்கரை போட்டுப் பிசைந்து, தண்ணீர்க் குழாய்த் துண்டால் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் போர்த்தினாள். வாலில் கடல் நீலம். ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு மேகத்தின் நிழல். பொம்மைகளை நாலைந்து நாள் முன்பே செய்து காயப் போட்டிருந்தாள். எங்கள் ஜனங்கள் ஜீப்னி கூரை மேல் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்களே, அதே மாதிரி விமானத்தின் முதுகில் மூன்று பேர். அப்பா, நடுவில் ஜியான்னா, தொப்பியோடு மரிவிக். நாலாவதாக ஏப்ரனும் நீலச் செருப்புமாக நானாய்.

விழா அன்று காலை மரிவிக் வந்து பார்த்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு விரல் நுனியால் நாலாவது பொம்மையை மெதுவாக எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை, இலையில் விழுந்த முடியை எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

"இதுல மூணு பேர்தான், அக்கா."

"குழந்தை தேடும்னு செஞ்சேன்."

"தேடக் கூடாதுன்னுதானே இந்தக் கேக்கே."

நெனித்தா அக்கா அந்தப் பொம்மையை வாங்கி ஒரு தட்டில் வைத்து, ஈ மொய்க்காமல் வலைக்கூடையால் மூடினாள். பிறகு ஜியான்னாவைக் குளிப்பாட்டப் போனாள்.

அந்த நேரத்தில்தான் மரிவிக் ஒரு நல்ல காரியம் செய்தாள். வெயிலில் கேக் உருகிவிடப் போகிறதே என்று இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, பலகையோடு தூக்கி, நல்ல சமையலறையில் இருந்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினாள். எங்கள் ஊரில் பால்காரன்கூட அதைச் செய்ய மாட்டான். சர்க்கரைப் போர்வையைக் குளிரில் வைத்து மே மாதக் காற்றில் வெளியே எடுத்தால் அது வியர்க்கும். சும்மா இல்லை, ஓடி வந்த ஆள் மாதிரி வியர்க்கும்.

மத்தியானம் வெளியே எடுத்தபோது வியர்த்தது. வாலின் நீலம் வயிற்றுக்கு ஒழுகியது. அப்பாவின் மீசை கன்னத்துக்கு இறங்கியது. தொப்பியின் கனம் தாங்காமல் பொம்மை மரிவிக்கின் கழுத்து ஊறிச் சரிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை உருண்டு மேசையில் விழுந்தது.

"அங்க மிலானோல ஃபிரிட்ஜுலதானே அக்கா வெப்பாங்க." மரிவிக்கின் குரலில் அல்லோரா இல்லை. சின்னப் பெண் மாதிரி நின்றாள். "நான் செத்த மாதிரில்ல இருக்கு. இதப் பாத்துட்டு அவ எப்படி ஏறுவா? ஏதாவது செய்யேன்."

"போய் முகத்தக் கழுவிட்டு வா. யாரும் உள்ள வர வேணாம்" என்றாள் நெனித்தா அக்கா. ஃபேன் பிடிக்க மட்டும் என்னை நிறுத்திக்கொண்டாள்.

காற்று பட்டு விமானம் மெல்லக் காய்ந்தது. ஒழுகிய நீலத்தைத் துடைத்து, வெள்ளை பூசி மறைத்தாள். மீசையை ஏற்றினாள். ஜியான்னாவுக்குப் புதுக் கண் வரைந்தாள். மரிவிக் பொம்மையின் இடம்தான் காலியாக இருந்தது. புதுப் பொம்மை செய்தால் நிற்காது, காய நாள் ஆகும்.

"அக்கா, அப்படியே விட்டுடுங்க. இது நீங்க கெடுத்தது இல்ல. சீட்டு காலியாவே இருக்கட்டும்."

"காலி சீட்டப் பாத்தா குழந்தை பயந்துக்கும்."

"பயப்படட்டுமே. உங்களுக்கு நல்லதுதானே."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பையின் வாலைப் பல்லில் கடித்துக்கொண்டு வலைக்கூடையைத் தூக்கினாள். அங்கே நானாய் முறுக்குக் குறையாமல் காய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னக் கத்தியால் ஏப்ரனைச் சீவினாள். கறுப்புக் கூந்தலைச் செம்பட்டையாக்கினாள். உதட்டில் சிவப்பு வைத்தாள். விழுந்த தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி இந்தத் தலையில் ஒட்டினாள். கண் மூடித் திறக்கும் நேரத்தில் தங்கை தயாராகிவிட்டாள். வெளியே ஜனம் கூட ஆரம்பித்ததால் அவசரம். காலைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நூடுல்ஸ் வந்தது, முழுசாகச் சுட்ட பன்றி வந்தது, ஞானத்தாய்மார் வந்தார்கள். மெழுகுவர்த்தி ஊதியதும் மரிவிக் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ஜியான்னா, இதப் பாரு. இது நீ, இது அப்பா, இது மம்மி. இந்த ப்ளேன்ல போலாமா? வரலேன்னா வரலேன்னு சொல்லு. மம்மி கோச்சுக்க மாட்டேன்."

கூட்டம் அடங்கியது. நெனித்தா அக்கா வெட்டுகிற கத்தியோடு மேசை ஓரம் நின்றாள். ஜியான்னா விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை பார்த்தாள். முகம் சுருங்கியது. பிறகு வழக்கம்போல் குனிந்தாள். கால்களைப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"போறேன்" என்றாள் மைக்கில்.

கைதட்டல். மரிவிக் அழுதுகொண்டே ஞானத்தாய்மாரைக் கட்டிப் பிடித்தாள். ஜியான்னா நேராக நெனித்தா அக்காவிடம் ஓடி வந்து அவள் காதை இழுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நானாய், தொப்பி போட்டு என்ன ஏமாத்தப் பாத்தியா? நான் செருப்பப் பாத்துட்டேன். நீயும் வர்ற."

அக்காவின் கண் விமானத்துக்குப் போனது. தொப்பிக்காரியின் காலில் நீலச் செருப்பு.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை அங்கேயே உட்கார்ந்து கத்தியிருப்பாள். அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கை மரிவிக் மீறவும் முடியாது. அந்த வார்த்தை அக்காவின் வாய் வரை வந்ததை நான் பார்த்தேன்.

"ரெக்கைலேருந்து ஒரு துண்டு தரவா?" என்று கேட்டாள்.

எல்லோரும் போன பிறகு, தட்டு அடுக்கும்போது கேட்டேன். "ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா இருந்திருப்பா. ஒரு வருஷம். அப்புறம் மறுபடியும் நான் ஒரு ப்ளேன் செய்யணும்."

"உண்மைய எப்ப சொல்லப் போறீங்க?"

"மரிவிக் சொல்லுவா."

சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே மரிவிக்குக்குத் தெரியாது.

வேன் வந்த அன்று ஜியான்னா ஜன்னலோரம் ஏறி, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து யாரையும் உட்கார விடவில்லை. "நானாய் சீட்டு" என்றாள். "ஐயோ பாவம், விளையாடறா" என்றாள் மரிவிக். நெனித்தா அக்கா சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நானாய், ஏறு."

"வீட்டப் பூட்டிட்டு வரேன்."

உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேன் கிளம்பியது. தெரு முனை வரைக்கும் பின் கண்ணாடியில் அந்த முகம் வாசலையே பார்த்துக்கொண்டு போனது.

அதற்கப்புறம் போனில் ஜியான்னா வரவில்லை. மரிவிக்தான் வருவாள், பின்னால் ஒரு கதவு மூடுவது தெரியும். "அல்லோரா, அக்கா, உன் பேரெடுத்தாலே எழுந்து போயிடறா. உன்மேல அவளுக்கு என்ன கோவம்னே தெரியல. நீ ஏதாவது சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்பாள் அக்கா. அது உண்மைதான்.

தொப்பி போட்ட பொம்மை அலமாரியில் மற்ற நானாய்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாரா வாரம் துடைக்கிறாள். கேக்கும் செய்கிறாள், முன்னைவிட அதிகமாகவே. ஆனால் இப்போது அவள் செய்கிற பொம்மை எதற்கும் பாதம் இருப்பதில்லை. முட்டி வரைக்கும் கடல், இல்லாவிட்டால் மணல், இல்லாவிட்டால் புல். போன வாரம் ஒரு ஞானத்தாய் கேட்டேவிட்டாள்.

"ஏன் நெனித்தா, என் பையனுக்குக் கால் எங்க?"

பையின் வால் பல்லில் இருந்தது. மூக்கு வழியாகத்தான் பதில் வந்தது.

"ம்ம்புல்லு ரொம்ப ஒசரமா வளந்திருக்கும்மா."