தோய் சுதெப் மலையில் கழற்றி வைத்த சேட்

1996 டிசம்பர். ரொறன்ரோவில் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரிலிருந்து புறப்படும்போதே மனைவி மலர் சொல்லிவிட்டாள், நான் தடவித் தடவியே பாஸ்போட்டைத் தேய்த்துவிடப் போகிறேன் என்று. தாய்லாந்துக்கு எனக்கு இது இரண்டாம் பயணம். எண்பத்தெட்டில், இலங்கையிலிருந்து கனடாவுக்குத் தப்பிப் போகும் வழியில், ஏஜென்ற் தந்த வேறொருவர் பாஸ்போட்டுடன், பாங்கொக்கில் ஓர் அறைக்குள் நான்கு மாதம் மரியதாஸ் என்ற பெயரில் ஒளிந்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டு, நானே திரும்பிப் பார்த்துப் பழகினேன். அந்த முறை ஒரு கோயிலும் பார்க்கவில்லை. இந்த முறை சொந்தப் பெயரில் கனடாப் பாஸ்போட், போட்டிருந்த சேட்டின் நெஞ்சுப் பையில்.

மூன்றாம் நாள், காலை ஏழரை. சியாங் மாய் நகரிலிருந்து தோய் சுதெப் கோயில் பதினைந்து கிலோமீற்றர். பயணிகளை ஏற்றும் சிவப்பு வானில் ஆளுக்கு முப்பது பாட். வளைவொன்றில் பொலிஸ்காரர் நின்றார். பக்கத்துப் பெண்ணின் தாமரைக் கூடைக்குப் பின்னால் என் தலை தானாகவே போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, அவர் வாகனத்துக்கு வழி காட்டுறார். நீங்கள் பூவுக்குப் பின்னால ஒளிக்கிறியள்," என்றாள் மலர்.

எட்டே முக்கால். முந்நூற்று ஆறு படிகள். இருபுறமும் கைப்பிடிச் சுவராக நீண்டு கிடக்கும் நாகங்கள். மேலே பொன் தூபி. கீழே நகரம் மூடுபனிக்குள் பாதி மறைந்திருந்தது. உள்வாசலில் செருப்பைக் கழற்றினேன். கை தன்பாட்டில் சேட்டையும் கழற்றிச் சுவரில் போட்டது. பழக்கதோசம். ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோப் பகுதியில் பண்டசாலையைக் கோயிலாக்கிய இடத்திலும், பனிக்காலத்தில் ஜாக்கெற், ஸ்வெற்றர், சேட் எல்லாவற்றையும் உரித்துவிட்டுத்தானே ஆண்கள் கும்பிடுகிறோம்! என் வண்டி வயிற்றைக் கண்டு கும்பிட வந்தவர்கள் வழிவிட்டார்கள். விளக்குமாற்றால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஓடி வந்து, சிரிப்பை அடக்கியபடி, ஒரு வெள்ளைச் சால்வையால் என்னைப் போர்த்தினார். தூபியை வலம்வந்த மூன்று சுற்றிலும் மலர் வேறு குடும்பத்து ஆள்போல முன்னால் நடந்தாள், இறங்கும்போதும் அப்படியே.

பத்து மணி. வான் புறப்படப்போகிறது. வழக்கம்போலப் பையைத் தடவினேன். பை இல்லை. சேட்டே இல்லை.

ஓடினேன். நூறாவது படியில் மூச்சுப் போனது. இருநூறாவது படியில் நான் மறுபடி மரியதாஸ். பிடித்துக் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மேலே அந்த முதியவர், மடித்த சேட்டை இரு கைகளிலும் ஏந்தி நின்றார். அதன்மேல் பாஸ்போட். படமிருந்த பக்கத்தை விரித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தை. அந்த நான்கு மாதமும் நான் பயந்து கிடந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

மூச்சு வாங்க ஏறிவந்த மலர், அவரிடம் தமிழிலேயே சொன்னாள்: "ஓம் ஐயா, இவர்தான். எட்டு வருசம் முந்தியும் இதே முழிதான்."

அவருக்கு விளங்கிவிட்டது. விரலைப் படத்தில் வைத்தார், பிறகு என் நெஞ்சில் வைத்தார், தலையாட்டினார். சால்வையைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டேன். சேட்டின் பொத்தான்களை மலர்தான் பூட்டிவிட்டாள். பூட்டும்போது அவள் கேலி செய்யவில்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தில், என்ன கொண்டுவந்தீர்கள் என்று மட்டுமே அதிகாரி கேட்டார். நான் முதலில் என் பெயரைச் சொன்னேன். சிவபாதம் என்று, முழுதாக.