சைகோன் கண்ணாடியும் இரண்டாம் பாகமும்

சைகோன் பட்டாளத்தில் இருந்த ஒருவன், வில்லியனூரில் என் வீட்டுக் கூடத்தில் தொங்கிய கண்ணாடிக்குள் தினமும் நாலு மணிக்கு வந்து என் மனைவியைப் பார்த்துவிட்டுப் போகிறான் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாசியிலிருந்து ஆடி வரைக்கும் நம்பினேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்து வருஷம் படித்தவன். பூமி உருண்டை என்று ஊரில் நாலு பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே எடுத்துச் சொன்னவன்.

இந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது ஒரு சினிமா. அதுவும் முதல் பாகம் இல்லை, இரண்டாம் பாகம்.

முதல் பாகத்தை இன்றைக்கும் ஜனங்கள் மெச்சுகிறார்கள். ஒரு ஜமீன் மாளிகை, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் முகம் பார்த்தவர்கள் வரிசையாகச் செத்தார்கள். ஜமீன்தார், அவர் தம்பி, கணக்குப்பிள்ளை, சமையல்காரர், கடைசியில் ஒரு குதிரை. குதிரை செத்தபோது டென்டுக் கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தியது. நான் மட்டும் பட்டாணி தின்றுகொண்டிருந்தேன். ஜமீனில் சாவு விழுந்தால் கரும்புத் தோட்டக்காரனுக்கு என்ன?

அடுத்த மாசியில் இரண்டாம் பாகம் வந்தது. அந்தக் கண்ணாடியை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். சாதாரணக் குடித்தனக்காரன் ஒருவன் அதை வாங்கி வீட்டில் மாட்டுகிறான். அவன் பெண்டாட்டி அதன் முன்னால் உட்கார்ந்து தலை வாருகிறாள். அந்த இடத்தில் பாட்டு இல்லை, மத்தளம் இல்லை. சீப்பு முடியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தவன், கப்பலேறிப் போய்விட்டவன், அவன் முகம் கண்ணாடியில் அவள் தோளுக்குப் பின்னால் வெளுப்பாகத் தெரியும். அவள் சிரிப்பாள். வாசற்படியில் நிற்கும் புருஷன் அதைப் பார்ப்பான். அவ்வளவுதான், "சுபம்" என்று போட்டுவிட்டார்கள்.

என்னோடு வந்த அடுத்த நிலத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னாப்பா இது, ஒரு பொணம்கூட வுழல. ஒரு குதிரையாவது செத்திருக்கலாம்."

என் பட்டாணி தின்னாமல் அப்படியே மடியில் இருந்தது.

காரணம் உண்டு. எனக்கு வரன் தட்டித் தட்டி, அதற்கு முந்தின தையில்தான் ஏம்பலத்தில் பெண் அமைந்தது. பெண்ணுக்கு முறைப்பையன் ஒருவன் இருந்தான், தாய்மாமன் மகன். முறைப்படி அவனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போய்விட்டதால்தான் எனக்குக் கிடைத்தாள். முறை உள்ளவன் சம்மதம் இல்லாமல் வேறு இடத்தில் தாலி ஏறக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் கடுதாசி போட்டுக் கேட்டார்கள். சம்மதம் என்று எழுதியவன், அதோடு நிற்காமல் கப்பலில் ஒரு கண்ணாடியும் அனுப்பிவைத்தான். கறுப்பு அரக்குச் சட்டம், ஓரத்தில் முத்துச்சிப்பியில் இழைத்த கொக்குகள்.

அந்தக் கண்ணாடி வந்த நாளிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார்கள். மாமியார் வீட்டில் அவன் படம் ஒன்று இருந்தது. தொப்பி, பூட்ஸ், இடுப்பில் பட்டை. நான் வாழ்நாளில் பூட்ஸ் போட்டதில்லை. அவன் கடுதாசியில் ஒட்டியிருந்த ஸ்டாம்புகூட என்னைவிட அழகாக இருந்தது.

இந்த நிலைமையில் அந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தால் ஆள் என்ன ஆவான்?

மறுநாளே வேவு பார்க்க ஆரம்பித்தேன். தினமும் நாலு மணிக்குத் தோட்டத்திலிருந்து திரும்புவேன். அந்த நேரத்தில் அவள் அந்தக் கண்ணாடி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள், விளக்கு வைப்பதற்குள் தலை வாரிப் பூ வைக்க வேண்டுமே. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு அப்போதுதான் அடங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். இங்கே நாலு என்றால் சைகோனில் ஏறக்குறைய ஆறு. சிப்பாய் வேலை முடிந்து, கை கால் கழுவி, சாவகாசமாக உட்காரும் நேரம். படித்தவன் பயந்தால் பயத்துக்கும் படிப்பு வந்துவிடுகிறது.

ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிப்பதென்று தெருப்பக்கம் வராமல், கொல்லை வழியாகப் பூனை மாதிரி நுழைந்தேன். அவள் சிரிக்கவில்லை. பல்லில் நாடாவைக் கடித்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் அப்படி வந்தேன், மூன்று நாளும் சிரிப்பில்லை. வேறு யாராவது என்றால் சமாதானமாகியிருப்பார்கள். நான், அவன் உஷாராகிவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. சிவன் கோயில் திருநீறை மடித்துச் சட்டத்தின் பின்னால் செருகினேன். போதாதென்று மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து தெளித்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவன் ஆயிற்றே, எந்தச் சாமிக்குக் கட்டுப்படுவான் என்று யார் கண்டது. கொக்குகளுக்கு மேலே சட்டத்தைச் சுற்றி வேப்பிலையும் கட்டினேன்.

"இன்னா இது, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

"பூச்சி வராம இருக்க."

"கண்ணாடியில இன்னா பூச்சி வரும்?"

"சைகோன் பூச்சி."

அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஆனி மாதத்தில் என் பொறுமை போயிற்று. அவள் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டுக் கொட்டகையில் எருதுக்கு எதிரே மாட்டினேன். வரட்டும், வந்து எருது மூஞ்சியைப் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். எருது கண்ணாடியைப் பார்த்தது. தன் பசுக்களுக்கு நடுவே இன்னொரு எருது நிற்பதைப் பார்த்தது. அதற்கும் என் வியாதிதான். கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்ததில் ஒரு கொக்குக்குத் தலை போயிற்று. கண்ணாடி உடையவில்லை, அதுவும் எனக்கு அவன் வேலையாகத்தான் பட்டது.

ஆற்றிலிருந்து வந்தவள் கொட்டகை வாசலில் நின்றாள்.

"எதுக்கு இங்க மாட்டினீங்க?"

என்னவென்று சொல்வது? உன் மாமன் மகன் கண்ணாடிக்குள் வருகிறான் என்றா? எருதின் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

"எங்க வூட்டு சாமான் ஒங்களுக்கு மாட்டுக் கொட்டாயிலதான் மாட்டணுமா? அப்ப நானும் சாமானும் போறோம். காரணம் சொல்ல வாய் வந்தா ஏம்பலத்துக்கு வாங்க. வர்ற வரைக்கும் நா வரமாட்டேன்."

பழம்புடவையில் கண்ணாடியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போன வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே. "ஆடிக்கு இன்னும் பத்து நாள் இருக்குதே, அதுக்குள்ள அனுப்பிட்டியாப்பா" என்று மட்டும் அடுத்த நிலத்துக்காரர் கேட்டார். மாமியார்தான் முன்னாடியே அனுப்பச் சொன்னார் என்று சமாளித்தேன். ஆனால் ஆவணி பிறந்தும் அவள் வராவிட்டால் எந்தப் பேச்சும் எடுபடாது. தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், கண்ணாடி இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவரும் ஒரு ஆணியும்தான் இருந்தன. கண்ணாடி இப்போது ஏம்பலத்தில் அவளோடு தனியாக இருக்கிறது, வேவு பார்க்கக்கூட ஆள் இல்லை என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பாகூர்ப் பக்கம் டென்டு போட்டிருப்பதாக நோட்டீசு வந்தது. அதே படம், இரண்டாம் பாகம். "இம்முறை முழுமையாக" என்று அடியில் தடித்த எழுத்து. எனக்குப் புரியவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு எல்லையும் இங்கிலீஷ் எல்லையும் கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி மாறி மாறி வரும். மாசியில் படப்பெட்டி இரண்டும் வில்லியனூருக்கு வரும் வழியில், டென்டுக்காரர் காகிதம் சரியாகக் கொண்டுவராததால் இரண்டாவது பெட்டி எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது. அவர் முதல் பெட்டியை ஓட்டிவிட்டு, வேறு ஏதோ சாமி படத்திலிருந்து "சுபம்" துண்டை வெட்டி ஒட்டிவிட்டார். நான் மாசியிலிருந்து பயந்தது அரைப் படத்துக்கு.

வண்டி கட்டிக்கொண்டு ஏம்பலம் போனேன். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாப்ள, பொண்ண பாக்க வந்தீங்களா, கண்ணாடிய பாக்க வந்தீங்களா?"

"சினிமாவுக்குக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன் அத்தை."

"ஆடியிலயா? அப்ப நடுவுல நா ஒக்காந்துக்கறேன்."

அப்படியே உட்கார்ந்தார். வண்டியில் அவள் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. டென்டில் பெண்கள் தட்டிக்கு அந்தப் பக்கம்.

கடைசிப் பகுதியில் கப்பலேறியவன் உயிரோடு, தொந்தியோடு, மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினான். அவனுக்கு இவள் பேர்கூட ஞாபகமில்லை. கண்ணாடியில் தெரிந்த வெளுத்த முகம் புருஷனுடையதுதான். தூக்கம் இல்லாமல் பெண்டாட்டிக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நின்றதில் அவனுக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. டென்டு மொத்தமும் ஊளையிட்டது, பேய் இல்லை என்ற கோபத்தில். மணலை வாரி இறைத்தார்கள். முதல் பாகத்தின் கால் தூசிக்கு ஆகுமா என்றார்கள். அந்த ஊரிலேயே அந்தப் படத்தை மதித்தவன் நான் ஒருவன்தான். உயிரோடு இருக்கிற ஆளைப் பேயாக்கிக் காட்டுவது குதிரையைச் சாகடிப்பதைப் போல லேசான காரியமில்லை.

மறுநாள் காலை மாமியார் பால் கறக்கப் போனதும் அவள் வந்து எதிரே நின்றாள்.

"நேத்து அந்தாளு பயந்த மாதிரிதான் நீங்களும் பயந்தீங்களா?"

தலையை ஆட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சைகோன் மணிக் கணக்கையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அவனுக்கு அங்கயே கல்யாணம் ஆயிடிச்சி. கண்ணாடி அவன் பொண்டாட்டி வாங்கி அனுப்பனது. ஒங்ககிட்ட சொல்ல எங்க வுட்டீங்க, பேரு எடுத்தாலே மூஞ்சிய திருப்பிக்கினு போனா?"

"அப்ப நாலு மணிக்குச் சிரிச்சது?"

அவள் சொன்னாள். கண்ணாடி தெரு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. தினமும் நாலு மணிக்கு நான் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவேன். தலை வாரிக்கொண்டே அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.